ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டைக் காப்பது: புறவாசலிலிருந்து முன்வாசல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கோ, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கோ, சென்னையில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் வீட்டைப் பூட்டுவதற்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் 5 நிமிடம்தான். அதுவும் வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது. அந்த 5 நிமிடத்தில் செய்யக்கூடியது முன்வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது மட்டுமே.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கும், தெருவில் கேட்டுக்கொண்ட சில வீடுகளுக்கும் இந்த வேலையை முறையாகச் செய்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: முன்வாசலில் தொடங்குகிறார்கள், கையிலிருக்கும் பணமும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. “முன்வாசலுக்கு மூணு பூட்டு போட்டிருக்கேன், அண்ணாச்சி” என்று பெருமையாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரின் புறவாசல் கதவு, ஒரு பக்கம் கீல் கழன்று, செங்கல்லை அண்டை கொடுத்து நின்றிருந்தது. ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை பின்னாலிருந்து முன்னால் வருகிறது.

1. முன்கூட்டித் தேவைப்படுபவை

கிளம்பும் நாளுக்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன் தொடங்குங்கள். ஆசாரியும் வெல்டிங் பட்டறைக்காரரும் சொன்ன நாளில் வருவதில்லை என்பது ஒரு காரணம். புதிதாகப் போட்ட பூட்டையும் தாழ்ப்பாளையும் வீட்டில் இருக்கும்போதே பத்து நாள் பழகிப் பார்த்தால்தான் எது இறுகுகிறது, எது சரியாக விழவில்லை என்று தெரியும் என்பது இன்னொரு காரணம்.

ஒரு டார்ச், ஒரு நோட்டு, அளவு நாடா, வீட்டுச் சாவிகள் அனைத்தும், பிறகு நம்பகமான பக்கத்து வீட்டார் ஒருவர்: இவை போதும். கடைக்குப் போவது முதல் இரண்டு படிகள் முடிந்த பிறகுதான், ஏனென்றால் என்ன வாங்க வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியவரும்.

2. இரவில் ஒரு முறை வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே நின்று, சாவி இல்லாமல் உள்ளே போக வேண்டுமானால் எந்த வழியாகப் போவேன் என்று உங்களையே கேட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒருநாள் எப்படியோ உள்ளே நுழைந்திருப்பீர்கள் அல்லவா, அந்த வழியை நோட்டில் முதலில் எழுதுங்கள்.

பார்க்க வேண்டியவை: தெருவிளக்கு எட்டாத மூலை, பின்பக்க முடுக்கு, பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறதா என்பது, சன்ஷேடை ஒட்டி வளர்ந்த மரம், மாடிக்குப் போகும் வெளிப்படி, ஏசி பெட்டி வைத்த இரும்புத் தாங்கி. ஆள் நின்றால் தெருவில் இருந்து தெரியாத இடம் எதுவோ, அதுவே வீட்டின் மெலிந்த இடம்; திருட வருகிறவனுக்குப் பூட்டைவிடத் தேவைப்படுவது யாரும் பார்க்காத சில நிமிடங்கள்.

வளவுக்குள் (ஒரே வெளிவாசலுக்குள் வரிசையாக உள்ள வீட்டுத் தொகுப்பு) இருக்கும் வீடுகளுக்கும் ஓட்டு வீடுகளுக்கும் ஒரு கணக்கு கூடுதலாக உண்டு. ஒரு வீட்டுக் கூரையில் ஏறினால் வரிசையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் நடந்து போகலாம், ஓட்டைப் பிரிப்பதற்குச் சத்தமும் ஆகாது. பட்டாசலுக்கும் (வீட்டின் கூடம்) பீரோ இருக்கும் அறைக்கும் மேலேயாவது, ஓட்டைத் தாங்கும் கைமரங்களுக்கு அடியில் இரும்பு வலை அடித்து விடுவது நல்லது.

3. வீட்டுக்குள் நுழைய நீங்களே கொடுத்திருக்கும் கருவிகளை அகற்றுங்கள்

இந்தப் படிக்குச் செலவே இல்லை, ஆனாலும் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். புறவாசலில் சாத்தி வைத்த ஏணி, தென்னைக்குக் குழி வெட்டிய கடப்பாரை, மண்வெட்டி, முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டி ஆகிய எல்லாம் வீட்டுக்குள் போக வேண்டும். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் தெருவில் நடப்பவன் ரோந்து வரும் காவலரிடம் மாட்டிக்கொள்வான். உங்கள் வீட்டுக் கடப்பாரையையே எடுத்துக்கொள்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தொரட்டியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறந்த ஜன்னல் வழியாக அதை நீட்டி, ஆணியில் மாட்டிய சட்டையையும், மேசை மேல் கிடக்கும் சாவிக்கொத்தையும், சார்ஜரில் கிடக்கும் போனையும் இழுத்துவிடலாம். நம்பாதவர்கள் தங்கள் வீட்டு ஜன்னலிலேயே ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

4. புறவாசலும் மாடிக் கதவும்

புறவாசல் கதவு பல வீடுகளில் முன்கதவின் கால் பங்கு கனம்கூட இல்லாத பிளைவுட் கதவாகவோ, தகரம் அடித்த கதவாகவோ இருக்கிறது. கதவையே மாற்ற முடியாதவர்கள், உள்பக்கமாக நிலையின் இரு பக்கமும் இரும்புக் கொக்கிகளை ஆழமாகப் பதித்து, அவற்றில் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையைப் போட்டு வைக்கலாம். கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால், வெளியிலிருந்து தள்ளும் விசை முழுவதையும் இந்தப் பட்டை தாங்கிக்கொள்ளும். சாதாரணத் தாழ்ப்பாளான டவர் போல்ட் ஒன்றை மட்டும் நம்பினால், அந்த விசை நான்கு சிறிய ஸ்குரூக்களின் மேல் விழுகிறது.

கதவு வெளிநோக்கித் திறப்பதாக இருந்தால் கீல்கள் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். கீலின் நடு ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால், பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றி வைத்துவிடலாம். அந்த ஆணியின் இரு முனைகளிலும் வெல்டிங் பொட்டு வைத்துவிட்டால் அது கழலாது. அரை மணி நேர வேலை.

மாடிக் கதவுக்கும் இதே முறைதான். துணி காயப்போடப் போகும் வழி என்பதால் அதை யாரும் வாசலாக நினைப்பதில்லை. ஆனால் மாடியில் ஏறிவிட்டவன் தெருவின் பார்வையிலிருந்து முழுவதும் மறைந்துவிடுகிறான், கைப்பிடிச் சுவர் அவனுக்குத் திரையாகிறது. வெளிப்படி இருக்கும் வீடுகளில் படியின் தொடக்கத்திலேயே ஒரு கிரில் கேட் போடுவது, மேலே கதவுக்குச் செய்யும் செலவைவிடப் பயன் தரும்.

5. முன்வாசல்: பூட்டு அல்ல, பூட்டு மாட்டும் இடம்

இங்கே நான் பட்டதைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கனமான பூட்டு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, ஆசாரியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஆணி பிடுங்கும் கம்பியை ஆல்டிராப்புக்கும் (பூட்டு மாட்டும் பெரிய இரும்புத் தாழ்ப்பாள்) கதவுக்கும் நடுவில் செருகி ஒரு நெம்பு நெம்பினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆல்டிராப்பின் பிடி நான்கு ஸ்குரூக்களோடு கையில் வந்துவிட்டது. ஸ்குரூக்கள் அரை அங்குல நீளம், மரையில் மரத்தூள் தேங்காய்த் துருவல்போல ஒட்டியிருந்தது.

பூட்டின் மேல் ‘7 லீவர்’, ‘8 லீவர்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்துத்தான் எல்லாரும் விலை கொடுக்கிறோம். உள்ளே இருக்கும் எத்தனை தகடுகளைச் சாவி ஒரே நேரத்தில் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பதே அந்த எண். எண்ணிக்கை கூடினால் கள்ளச்சாவி போடுவது கடினமாகும் என்பது உண்மை. ஆனால் நெம்புகோலோடு வருகிறவன் சாவித் துவாரத்தின் பக்கமே போவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஆல்டிராப்பையும் நாதாங்கியையும் ஸ்குரூவால் பொருத்தாமல், கதவைத் துளைத்து, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு முடுக்கும் போல்ட்டால் பொருத்தச் சொல்லுங்கள். போல்ட்டின் வெளித்தலை வழவழப்பாக, ஸ்பானர் பிடிக்க இடமில்லாததாக இருக்க வேண்டும். நிலையில் பதியும் பகுதிக்குக் குறைந்தது 3 அங்குல ஸ்குரூ வேண்டும், அப்போதுதான் அது நிலைமரத்தின் உள்ளே ஆழமாகப் பிடிக்கும். பூட்டு வாங்கும்போது வளையம் குட்டையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட வளையத்துக்குள் கம்பியைச் செருக இடம் இருக்கிறது, குட்டை வளையத்தில் இல்லை. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு இன்னும் நன்றாகவே உழைக்கிறது; குறை பூட்டில் இல்லை, அதைத் தாங்கும் இரும்பில் இருக்கிறது.

வசதி இருந்தால், வெளியே பூட்டுத் தொங்காதபடி கதவுக்குள்ளேயே பதியும் மோர்டிஸ் பூட்டுக்கு மாறிவிடலாம். வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே எழுதி ஒட்டியதற்குச் சமம். மாற முடியாதவர்கள் குறைந்தபட்சம் வெளிக் கேட்டில் பூட்டை உள்பக்கமாகத் தொங்கவிட வேண்டும். அதையும் கிளம்பும் நாளில் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் நாட்களிலும் இரவில் அப்படியே செய்து வந்தால், இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு தெரியாது.

6. ஜன்னல்

கம்பி இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், கம்பியை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மரச்சட்டத்தில் துளைபோட்டு நிறுத்திய பழைய கம்பிகள் அடியில் துருப்பிடித்து மெலிந்திருக்கும், கரையான் அரித்த சட்டம் கம்பியைப் பிடிப்பதே இல்லை. கழிவறை வெண்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகளைக் கையாலேயே உருவி எடுக்கலாம் என்பதால் அதற்கும் கம்பி வேண்டும்.

7. சாவிகளைக் கணக்கெடுங்கள்

எல்லாச் சாவிகளையும் தரையில் பரப்பி, எது எந்தப் பூட்டுக்கு, எத்தனை நகல் இருக்கிறது, மற்றது யாரிடம் என்று எழுதுங்கள். எண்ணிக்கை பொருந்தாத பூட்டை மாற்றிவிட வேண்டும். வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சும் அன்றே பூட்டையும் மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் முன்பு குடியிருந்தவர்கள் எத்தனை சாவி வெட்டினார்கள் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியாது.

துளசி மாடம், செருப்பு அடுக்கு, மின்சார மீட்டர் பெட்டி, நிலையின் மேல்விளிம்பு, பூந்தொட்டியின் அடி ஆகிய இந்த ஐந்து இடங்களிலும் சாவி வைக்கக் கூடாது. உங்களுக்குத் தோன்றிய இடம் திருட வருகிறவனுக்கும் முதலில் தோன்றும். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கையில் கொடுத்துவிட்டுப் போவதே சரி.

8. நகை, பணம், ஆவணம்

பீரோ என்பது துணி வைக்கும் பெட்டி. அதன் கதவு நெம்புகோலுக்கு நிற்காது. அதன் சாவியைப் பீரோவுக்கு மேலேயோ சேலை அடுக்குக்கு அடியிலோ வைக்கும் வழக்கமோ நம் ஊர் முழுவதும் ஒன்றுதான். கிளம்பும்போது பீரோவில் மதிப்புள்ளது எதுவும் இல்லாதபடி செய்துவிட்டு, அதைப் பூட்டாமலே விட்டுப் போவது என் வழக்கம். பூட்டியிருந்தால் உடைப்பார்கள், உடைத்த பீரோவை மாற்றும் செலவாவது மிஞ்சட்டும்.

நகைக்கு வங்கி லாக்கர்தான். இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வங்கியில் தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளவற்றுக்கு இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல 100 மடங்கு வரை உண்டு. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத வரை, இது பொருந்தாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், தரைமட்டத்தில் உள்ள கிளையா மாடியில் உள்ள கிளையா என்பதையும் ஒரு கேள்வியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாரும் இடறுவது கல்யாண வாரத்தில். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை, மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை எடுத்த நகை திங்கட்கிழமைதான் திரும்பிப் போக முடியும். அந்த மூன்று இரவுகளில் வீட்டில் நகையும் இருக்கும், பாதி நேரம் எல்லாரும் மண்டபத்திலும் இருப்பார்கள், அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரும் நேரமும் அச்சிட்டு ஊருக்கே கொடுத்திருப்போம். எடுக்கும் நாளையும் திருப்பி வைக்கும் நாளையும் நாட்காட்டியில் முன்கூட்டிக் குறித்து, மண்டபத்துக்குப் போகாமல் வீட்டில் தங்கும் உறவினர் இருவரை இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நகையையும் படம் பிடித்து, ரசீதையும் படம் பிடித்து வையுங்கள். ஹால்மார்க் நகையில் பொறித்துள்ள 6 இலக்க எச்யுஐடி எண்ணைப் பெரிதுபடுத்தும் கண்ணாடியில் படித்து எழுதி வைத்தால், பிறகு அது உங்களுடையது என்று காட்டுவது எளிது. எண்ணும் எழுத்தும் கலந்த இந்த அடையாளம் ஒவ்வொரு நகைக்கும் தனி. 2023 ஏப்ரல் 1 முதல் இது இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்பதால், அதற்குப் பிறகு வாங்கியவற்றில் பெரும்பாலும் இருக்கும்.

வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற பொதுவான திட்டம் அடிப்படையில் தீ, வெள்ளம் முதலியவற்றுக்கானது. அத்தகைய நிகழ்வின் தொடர்ச்சியாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாதுகாப்பு சேர்க்க வேண்டும். வீடு எத்தனை நாள் தொடர்ந்து பூட்டிக் கிடக்கலாம் என்ற நிபந்தனையையும் கேளுங்கள்.

9. விளக்கும் கேமராவும்

வாசல் விளக்கைப் போட்டுவிட்டு ஊருக்குப் போவது தவறு. இரவில் அது உதவும். நண்பகலிலும் எரியும் விளக்கு, ஆள் இல்லை என்று காட்டிக் கொடுக்கும். இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணையும் சென்சார் பல்பு ஒன்றை வாசலிலும் ஒன்றைப் புறவாசலிலும் மாட்டி, உள்ளறை விளக்கு ஒன்றை டைமரில் போட்டால் போதும்.

கேமராவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது தடுப்பதில்லை, பதிவு செய்கிறது என்பதுதான். பட்டாசலில் டிவிக்கு அடியில், கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியை வைத்தால், போகிறவன் அதையும் எடுத்துக்கொண்டு போவான். பரணிலோ பூட்டிய அறையிலோ வையுங்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலுக்குப் பயந்து ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்புகிறோம், பிறகு கேமரா ஏன் போனில் தெரியவில்லை என்று தேடுகிறோம். இன்வெர்ட்டரில் இணைத்து, பிளக்கின் மேல் ‘பிடுங்காதே’ என்று எழுதி ஒட்டுங்கள்.

10. கிளம்பும் வாரம்

காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். திருநெல்வேலி மாநகருக்குள் இருப்பவர்கள் மாநகரக் காவல் ஆணையரின் எல்லையிலும், வெளியே இருப்பவர்கள் மாவட்டக் கண்காணிப்பாளரின் எல்லையிலும் வருகிறார்கள். எதுவானாலும் உங்கள் தெரு எந்த நிலையத்துக்கு உட்பட்டதோ அங்கே போக வேண்டும். முகவரி, போகும் நாள், திரும்பும் நாள், உங்கள் எண், பக்கத்து வீட்டாரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், இரவு ரோந்துக்குப் போகிறவர் அந்த வீட்டையும் பார்த்துக்கொள்ள வழி உண்டாகும்.

பால், பேப்பர் இரண்டையும் நிறுத்துங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடப் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருக்க ஒரு வாசல் மட்டும் நான்கு நாள் காய்ந்து கிடந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். குற்றாலத்து அருவியில் நின்ற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பங்குனி உத்திரத்தன்று தெருவில் பாதி வீடுகள் ஒரே இரவில் காலியாகின்றன என்பதால், அன்று பக்கத்து வீட்டாரும் இருக்கமாட்டார். எங்கள் தெருவில் இதற்கு ஆண்டுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, ஒரு குடும்பத்தில் ஒருவராவது தங்குகிறார். தங்கியவருக்கு எல்லா வீட்டுப் பொங்கலும் வந்து சேர்ந்துவிடுகிறது.

கிளம்பும் நாளில் வரிசை மாறக் கூடாது: முதலில் மாடிக் கதவு, பிறகு புறவாசல், ஜன்னல்கள், கேஸ் ரெகுலேட்டர், மோட்டார் சுவிட்ச், கடைசியாக முன்வாசல். ஒருவர் மட்டுமே பூட்ட வேண்டும். இரண்டு பேர் பூட்டினால், புறவாசலை மற்றவர் பூட்டியிருப்பார் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள்.

11. கோடையில் மாடியில் தூங்கும் இரவுகள்

வீட்டில் ஆள் இருக்கும்போது நடக்கும் திருட்டுக்கு இதுவே பெரிய வாய்ப்பு. அக்னி நட்சத்திரத்தில் புழுக்கம் தாங்காமல் எல்லாரும் மாடிக்குப் பாய் எடுத்துப் போகும்போது, கீழே முன்வாசலை உள்ளே தாழிட்டு, மாடிக் கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் அல்ல, இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். போனும் டார்ச்சும் மேலே இருக்கட்டும். கழுத்து நகையைப் படியிலிருந்து எட்டும் ஓரத்தில் படுக்கிறவர் அணிந்திருக்கக் கூடாது.

12. திரும்பி வந்ததும்

கதவைத் திறக்கும் முன் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். உடைக்கப்பட்டிருந்தால் உள்ளே போகாமல், வெளியே நின்று 112 அல்லது 100 எண்ணை அழையுங்கள். உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம்.

காவலர்கள் வரும்வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. உறவினர் கூட்டம் கூடி, இறைந்து கிடக்கும் துணிகளை அள்ளி மடித்து வைக்கத் தொடங்கினால், கைரேகை நிபுணருக்கும் மோப்ப நாய்க்கும் வேலை இல்லாமல் போய்விடும். இந்த இடத்தில் கண்டிப்பாக இருக்க ஒருவரை நிறுத்துங்கள், அது வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது.

புகார் கொடுத்ததும் கிடைக்கும் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) முதல் தகவல் அறிக்கை ஆகாது. காப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கைதான் வேண்டும். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், வீட்டுக்குள் திருடுவதற்கான பிரிவு 305, வீட்டை உடைத்து நுழைவதற்கான தண்டனைப் பிரிவு 331. அறிக்கையில் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

காணாமல் போனவற்றின் பட்டியலை அவசரமாக முடிக்க வேண்டாம். வெள்ளிக் குத்துவிளக்கும், குழந்தையின் கொலுசும், சாமி அலமாரி உண்டியலும் இரண்டாம் நாள்தான் நினைவுக்கு வரும். அவற்றையும் எழுதி, கூடுதல் வாக்குமூலமாக அதே நிலையத்தில் கொடுங்கள். புறவாசலுக்குப் புதுப் பூட்டை அன்று மாலைக்குள் போட்டுவிடுங்கள்.